எலிகளின் நோன்பு

தலத்தெரு, காரைக்கால்
12-3-2007

அன்புள்ள ஆபித் காக்காவுக்கு, தங்கை சஜிதா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் நானும் மகள் நிஷாவும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை பிரான்ஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஆய்வகத்து எலிகளோடேயே குடித்தனமா?

வெள்ளிக்கிழமைதானே போனில் பேசினோம், இவளுக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் ரிசீவரை எடுத்தாலே மச்சான் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது? அதனால்தான் அன்றைக்கு மழை, வெயில், மீன் விலை என்று உளறிக்கொண்டிருந்தேன்.

மச்சான் ஷார்ஜாவிலிருந்து லீவில் வரவில்லை காக்கா. அனுப்பிவிட்டார்கள். கையில் எடுத்த சாமானையெல்லாம் கீழே போட்டாராம், நடை தள்ளாடியதாம், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று ஃபோர்மன் எழுதிவிட்டானாம். ஐந்து வேளை தொழுகிற மனுஷன், ஒரு சொட்டு வாயில் பட்டதில்லை. ஆனால் நம் ஊரில் இதை யார் நம்புவார்கள்? நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டு ஆடிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர். இங்கே ஒருவன் தள்ளாடினால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஜமாஅத்தில் கூப்பிட்டு வைத்து விசாரித்தார்கள். "வாயை ஊதிக் காட்டுங்க முத்து முகம்மது" என்று ஒரு பொடியன் கேட்டானாம். அன்றைக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அந்தத் தெருவில் இருக்கப் பிடிக்காமல் தலத்தெருவுக்கு வீடு மாறிவிட்டோம். பக்கத்து வீடு சந்திரா டீச்சர், நிஷாவின் வகுப்பு டீச்சர். பதிலை அவர் பேருக்குப் போடுங்கள், எனக்குத் தருவார்.

விரல்கள் தாமாக ஆடுகின்றன. வெட்கப்பட்டு மடியில் வைத்து அமுக்கிக்கொள்கிறார். அவர் உம்மா, நம் மாமி, கடைசிக் காலத்தில் இப்படித்தானே ஆடினார்? ஜின் பிடித்திருக்கிறது என்று நாகூரில் கொண்டுபோய் வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மூளை வியாதிகளைத்தானே படிக்கிறீர்கள். இது என்னவென்று சொல்லுங்கள். குடி இல்லை என்று ஒரு காகிதத்தில் யாராவது எழுதிக் கொடுத்தால் போதும், அதைப் பெரிய பள்ளிவாசல் சுவரில் நானே ஒட்டுவேன்.

துஆவுடன்,
சஜிதா


லியோன்
2-4-2007

அன்புத் தங்கச்சி சஜிதாவுக்கு, உனக்கும் மச்சானுக்கும் நிஷாக் குட்டிக்கும் காக்காவின் ஸலாம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். சமைக்கிறேன், நம்பு. போன வாரம் மீன் குழம்பு வைத்தேன். கீழ்வீட்டுக் கிழவி போலீஸைக் கூப்பிடப் பார்த்தாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. மச்சானை உடனே புதுச்சேரிக்குக் கூட்டிப்போ. சாதாரண டாக்டர் இல்லை, நரம்பு டாக்டர். குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல். ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்புவார்கள், பதில் வர நாளாகும். அதுவரை கண்டதையும் நினைத்துக் குழம்பாதே.

என் வேலையைப் பற்றி நிஷா கேட்டிருந்தாளே, சொல். மாமாவிடம் நூற்றுக்கணக்கில் வெள்ளை எலிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எண் உண்டு, பெயர் வைக்கக்கூடாது என்று சட்டம். ஆனாலும் ஒன்றுக்கு நான் சுல்தான் என்று வைத்திருக்கிறேன். அவன் என் சட்டைக் கையைக் கடிப்பான், மற்றபடி தங்கமான பையன்.

டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுது.

வஸ்ஸலாம்,
ஆபித்


தலத்தெரு
20-6-2007

மதிப்பிற்குரிய காக்காவுக்கு, ஸலாம். உங்கள் சுகத்துக்குத் தினமும் துஆ கேட்கிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

முடிவு வந்துவிட்டது. ஹண்டிங்டன் என்று பெயராம். குடி இல்லை என்று காகிதத்தில் எழுதி வாங்க ஆசைப்பட்டேனே, வாங்கிவிட்டேன். மூளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகுமாம், மருந்து கிடையாதாம். கை ஆட்டத்தைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் நல்லவர், என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதியாம். நாணயத்தைச் சுண்டிப் போடுவதுபோல என்றார். நிஷா வெளியே பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது காக்கா. குழந்தை சும்மா காலை ஆட்டினால்கூட இனி எனக்கு நிம்மதி இல்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். மச்சானுக்கு மாமியிடமிருந்து வந்தது. மாமிக்கு யாரிடமிருந்து? நம் பாட்டனாரிடமிருந்து என்றால், வாப்பாவும் அவர் பிள்ளைதானே? வாப்பா படகு கவிழ்ந்து போனபோது அவருக்குச் சின்ன வயசு. இருந்திருந்தால் அவருக்கும் கை ஆடியிருக்குமோ? அப்படியென்றால் நீங்களும் நானும்? சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று மாமி மகனுக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது என் குழந்தைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று இரண்டு பக்கமும் பார்த்து நிற்கிறேன்.

எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். நிஷாவுக்கு வராமல் தடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? மூடி மறைக்காமல் எழுதுங்கள்.

சஜிதா


லியோன்
15-9-2007

அன்புத் தங்கச்சிக்கு, ரமலான் ஸலாம். எல்லாரும் நலமாக இருக்க ரப்பிடம் கேட்கிறேன். இத்தனை மாதம் பதில் போடாததற்குத் திட்டு, ஏற்றுக்கொள்கிறேன். உட்கார்ந்தால் எழுத வரவில்லை. இன்று நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடக்கிறது, மனசும் லேசாக இருக்கிறது. எழுதுகிறேன்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு என்று வைத்துக்கொள். புழங்கும் வீட்டில் குப்பை சேரும். தோலில் உள்ள செல் செத்து உதிர்ந்தால் புதிது வரும். மூளைச் செல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பிறப்பிலிருந்து மௌத் வரை அதே வீடுதான். தினமும் பெருக்கியாக வேண்டும். செல் என்ன செய்கிறது தெரியுமா? உள்ளேயே ஒரு பை செய்து, கெட்டுப்போனதை அதில் கட்டி, கரைத்துத் தின்றுவிடுகிறது. தன்னைத் தானே தின்பது. இதற்கு ஆட்டோபேஜி என்று பெயர். மச்சானுக்கு இருப்பதும் குப்பைதான். ஒரு புரதம் கோணலாக உருவாகி, அள்ள அள்ளச் சேர்கிறது.

போன வருஷம் ஜப்பான்காரர்கள் மூளையில் மட்டும் இந்தத் துப்புரவை நிறுத்திய எலிகளை உண்டாக்கிக் காட்டினார்கள். எங்களிடமும் அந்த மாதிரி உண்டு, சுல்தானும் அந்த வகைதான். பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில வாரத்தில் தள்ளாட ஆரம்பிக்கும். வாலைப் பிடித்துத் தூக்கினால் நல்ல எலி காலை விரிக்கும். இதுவோ பின்னங்காலை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளும்.

நிஷாவைப் பற்றிக் கேட்டாய். குழந்தைகளின் மூளையில் நரம்பும் நரம்பும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் தேவைக்கு மேல் இருக்கும். சினாப்ஸ் என்போம். வளர வளர வேண்டாததைக் கழித்து வேண்டியதை உறுதியாக்குவதுதான் வளர்ச்சி. அந்த நுனிகளிலும் இதே துப்புரவுதான் வேலை செய்கிறது, சின்ன வயதில் அது சரியாக நடந்தால் பின்னால் மூளை தாங்கும் என்பது என் எண்ணம். எங்கள் ஆய்வகத் தலைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பார்ப்போம். நிஷாவின் வயசுதான் அதற்குச் சரியான வயசு.

இன்னொன்று கேள், சந்தோஷப்படுவாய். இந்தத் துப்புரவை முடுக்கிவிடுவது எது தெரியுமா? பசி! எலிக்கு ஒரு பகல் ஒரு இரவு தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வைத்தால், மறுநாள் ஈரல், இதயம், சதை எங்கும் பச்சைப் புள்ளிகளாக மின்னும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குப்பைப் பை. வெளியே தீனி இல்லை என்றதும் செல் தன் குப்பையைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது. இன்று என் எலிகளும் நோன்பு, நானும் நோன்பு. நாம் கஞ்சிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே துடைப்பம் ஓடுகிறது என்று நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது.

மனசைத் தளரவிடாதே. வழி பிறக்கும்.

ஆபித்


தலத்தெரு
9-10-2007

என் அருமைக் காக்காவுக்கு, கண் குளிர்ந்த ஸலாம். நாங்கள் எல்லாரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன், சுகம்!

உங்கள் கடிதம் முதலில் புரியவில்லை. மறுபடி மறுபடி படித்தேன், சந்திரா டீச்சரிடம் சினாப்ஸ் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டேன். பிறகு புரிந்தது. புரிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று நினைத்தவளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டீர்கள்.

மச்சான் நோன்பு வைக்கிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீடு தேடி வந்து, "சீக்காளிக்கு நோன்பு கடமை இல்லேம்மா, அவருக்குச் சாப்பாடு கொடுங்க. மார்க்கமே சலுகை கொடுத்திருக்கு" என்றார். சரிங்க ஹஜ்ரத் என்று அனுப்பிவைத்தேன். அவருக்கு எலிகளைப் பற்றி என்ன தெரியும்? புதுச்சேரி டாக்டரும் இந்த வியாதிக்கு நிறையச் சாப்பிடக் கொடுக்கணும், எடை குறையக்கூடாது என்றுதான் சொன்னார். அவர் மாத்திரை எழுதுகிறவர். நீங்கள் உள்ளே கண்ணால் பார்த்தவர்.

மச்சானுக்குத்தான் பசி தாங்கவில்லை. இந்த வியாதியில் பசி அதிகம்போல. அடுப்படிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். கட்டிலில் காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு படுக்கிறார், உங்கள் சுல்தான் மாதிரியே.

நிஷாவும் இந்த வருஷம் தவறாமல் நோன்பு. பதினோரு வயசில் இப்படி ஒரு ஈமானா என்று தெருவே மெச்சுகிறது. பெருநாள் வருகிறது. அதோடு நிறுத்த வேண்டும் என்று எங்கே இருக்கிறது?

நான் வாப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே. மறந்துவிட்டீர்களா? அப்புறம், கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர்தானே நீங்கள்?

சஜிதா


லியோன்
11-11-2007

அன்புள்ள சஜிதாவுக்கு, ஸலாம். பிந்திய பெருநாள் வாழ்த்து. நான் நலம்.

சுருக்கமாக எழுதுகிறேன், வேலை தலைக்கு மேல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, விரல் விறைத்துப் பேனா வழுக்குகிறது. கையெழுத்துக்கு அதுதான் காரணம். நீ மனசைத் தேற்றிக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். நிஷாவுக்கு என் முத்தம். சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் சொன்னபடி செய்.

சுல்தான் போய்விட்டான். நிஷாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆபித்


தலத்தெரு
28-12-2007

அன்புக் காக்காவுக்கு ஸலாம். குளிருக்குக் கம்பளி உறை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மழை நின்று பனி தொடங்கிவிட்டது. நாங்கள் சுகம்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மச்சானுக்குக் கை ஆட்டம் நின்றுவிட்டது! முழுசாக நின்றுவிட்டது காக்கா. மடியில் வைத்த கை வைத்த இடத்தில் கிடக்கிறது. முன்னெல்லாம் இரவு முழுக்கக் கட்டில் கிறீச்சிடும், இப்போது சத்தமே இல்லை. கோபம் இல்லை, அடுப்படிக் கதவை இழுப்பதும் இல்லை. நான் போய் நின்றால் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கிறார். குளிக்கவைக்க முன்பு இரண்டு பேர் வேண்டும். இப்போது நான் ஒருத்தியே தூக்கிவிடுகிறேன்.

ஜமாஅத்தில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மனுஷன் திருந்திட்டாரும்மா" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வீட்டில் வேலையும் குறைந்துவிட்டது. அடுப்பை ஒரு வேளை பற்றவைத்தால் அதிகம். மிச்ச நேரத்தில் உங்கள் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். நிஷாவுக்கும் படித்துக் காட்டுகிறேன், அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

குளிர் விட்டதும் உங்கள் எழுத்தும் நேராகிவிடும், இன்ஷா அல்லாஹ். இல்லையா?

சஜிதா


லியோன்
14-1-2008

சஜிதா, ஸலாம். நலம் விசாரிக்க நேரம் இல்லை.

மச்சான் என்ன சாப்பிடுகிறார்? எத்தனை வேளை? எடை என்ன? போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. கை ஆட்டம் நின்றது குணம் இல்லை. ஆடுவதற்கும் தெம்பு வேண்டும். இன்றே கஞ்சியில் நெய் விடு, முட்டை கொடு, பால் கொடு. முடிந்தால் ஆஸ்பத்திரியில் சேர். நோன்பு ரமலானோடு முடிந்தது. நான் எழுதியது எலிகளைப் பற்றி.

உடனே பதில்.

ஆபித்


தலத்தெரு
20-2-2008

அன்புக் காக்காவுக்கு, ஸலாம். பொறுமையோடு படியுங்கள்.

மச்சான் மௌத்தாகிவிட்டார். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள். சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், போய்விட்டிருந்தார். முகத்தில் ஒரு கஷ்டம் இல்லை. குளிப்பாட்டியவர்கள், "உடம்புல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்கள். அன்று மாலையே அடக்கிவிட்டோம். உங்களுக்குச் சொல்லியனுப்பட்டுமா என்று சந்திரா டீச்சர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன், எப்படியும் மய்யித்துக்கு வந்து சேர முடியாது. போன் இணைப்பை மார்கழியிலேயே எடுத்துவிட்டேன். யாரோடு பேசப்போகிறேன்?

நெய், முட்டை என்று எழுதியிருந்தீர்கள். மச்சான் மேல் உள்ள பாசத்தில் பதறிப்போய் எழுதியது என்று புரிகிறது. நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உங்கள் முறை தவறவில்லை. நாம்தான் தாமதமாகத் தொடங்கினோம். முப்பத்தெட்டு வருஷத்துக் குப்பையை ஒரு குளிர்காலத்தில் பெருக்க முடியுமா? ஆனால் கை நின்றதே! அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கை நின்றதால்தான் நான் இன்னும் நிற்கிறேன்.

நிஷாவுக்கு அப்படி ஆகவிடமாட்டேன். இதுதான் சரியான வயசு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டாத நுனியெல்லாம் இப்போதே கழிந்துவிட வேண்டும். குழந்தை சமர்த்து, அடம்பிடிப்பதே இல்லை. வாப்பாவுக்காக நோன்பு வைக்கிறாள் என்று ஊரில் நினைக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

நான் இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டுவதில்லை. யாரும் வருவதும் இல்லை. நானும் நிஷாவும் மட்டும். வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது காக்கா.

சஜிதா


லியோன்
8-3-2008

என் தங்கச்சி சஜிதாவுக்கு, ஸலாம். மச்சானுக்காக ஃபாத்திஹா ஓதினேன். அழுதேன். அவர் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போன மனுஷன். அவருக்கு நான் செய்த கைம்மாறு இது.

கேள். நோன்புக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள். பட்டினி போட்ட எலியின் ஈரல், இதயம், சதை என்று எழுதியிருக்கிறேன், பார். மூளை என்று எழுதவில்லை. ஏன் தெரியுமா? மூளையில் அந்தப் பச்சைப் புள்ளிகள் கூடவே இல்லை. உடம்பு முழுக்கக் காய்ந்தாலும் மூளைக்குப் போகவேண்டியது போய்க்கொண்டே இருக்கும், அதனால் அங்கே பசி எட்டுவதில்லை. மூளைச் செல் தன் துப்புரவைத் தானே, தன் போக்கில் செய்துகொள்கிறது. பட்டினியால் அதை முடுக்க முடிந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுதினால் உன் முகம் வாடுமே என்று அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று இருந்தது. எனக்கே கொஞ்சம் சந்தோஷம் தேவைப்பட்டது.

நிஷாவுக்கு அந்த வியாதி வருமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வளர்கிற பிள்ளைக்குச் சோறு இல்லை என்றால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். நரம்பு நுனிகளைக் கட்டுவதற்கே சாப்பாடு வேண்டும் சஜிதா. கழிப்பது மட்டும் இல்லை, கட்டுவதும் இருக்கிறது. உன் காலில் விழுகிறேன். இந்தக் கடிதத்தை மடிக்கும் முன் அவளுக்குச் சோறு போடு.

பள்ளிக்கூடத்து எண்ணைப் பிடித்துச் சந்திரா டீச்சரிடம் பேசிவிட்டேன், வந்து பார்ப்பார். நானே புறப்பட்டு வருவேன். ஏப்ரல் கடைசிதான் ஆகும். இங்கே ஒரு பரிசோதனை முடிவு வரவேண்டியிருக்கிறது. ஆய்வகத்து விஷயம்தான், வேறொன்றும் இல்லை.

ஆபித்


தலத்தெரு, காரைக்கால்
2-4-2008

அன்புள்ள ஆபித் மாமா அவர்களுக்கு, உங்கள் மருமகள் அமீர் நிஷா எழுதும் மடல். அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு நலம். உம்மா நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உம்மாவுக்குத் தலைவலி, அதனால் என்னை எழுதச் சொன்னாங்க. உங்கள் கடிதத்தை உம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் அதை மடிச்சு நோன்புக் கடிதத்துக்கு அடியில வெச்சுட்டாங்க. "மாமா பயந்துபோய் எழுதியிருக்கார். சந்தோஷமா இருக்கும்போது எழுதினதுதான் நெசம்"னு சொன்னாங்க. எனக்கும் நோன்புக் கடிதம்தான் மாமா பிடிக்கும். சுல்தான் நல்லா இருக்கானா?

சந்திரா டீச்சர் இட்லி கொண்டுவந்தாங்க. நான் அவங்க முன்னாடியே மூணு இட்லி சாப்பிட்டேன். "நல்லாத்தானே சாப்பிடுறா"ன்னு உம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கு மறுநாள் களா நோன்பு வெச்சுட்டேன், விட்ட நோன்பைத் திருப்பி வைக்கிறதுதானே அது. பள்ளிக்கூடத்துல பிரேயர்ல ஒருநாள் விழுந்துட்டேன். அதுலேருந்து உம்மா அனுப்புறதில்லை. முழுப் பரீட்சை எழுதலை.

தினமும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு கையையும் நீட்டிக் காட்டணும். உம்மா பார்ப்பாங்க. முன்னாடி ஆடாது. இப்ப கொஞ்சம் ஆடுது. குப்பை வெளியே போகும்போது அப்படித்தான் இருக்கும்னு உம்மா சொன்னாங்க. காதுக்குள்ள உய்ங்குனு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அதான் மாமா, துடைப்பம் ஓடுற சத்தம்.

ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. போன வாரம் உம்மா உங்க கடிதத்தையெல்லாம் தரையில வரிசையா வெச்சுப் பார்த்தாங்க. பக்கத்துலயே வாப்பா ஷார்ஜாவுலேருந்து போட்ட கடிதங்களையும் வெச்சாங்க. ரெண்டு பேர் எழுத்தும் ஒரே மாதிரி கோணலாப் போகுது. "காக்காவுக்கும் வந்துருச்சு, அதான் நான் கேட்டதுக்குப் பதில் போடலை"ன்னு சொல்லி உம்மா அழுதாங்க. வாப்பா மௌத்தானப்பகூட அப்படி அழலை.

எனக்கு ரொம்பப் பாவமா இருந்துச்சு. நீங்க அங்க தனியா வேலை பார்த்துக்கிட்டு எப்படி நோன்பு வைப்பீங்க? அதனால நானே மனசுக்குள்ள நிய்யத் வெச்சுட்டேன். மத்த நாள் நோன்பெல்லாம் எனக்கு. வியாழக்கிழமை முன்னாடி சாப்பிடுற நாளா இருந்துச்சு, அதை உங்களுக்குக் கொடுத்துட்டேன். உம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க.

நீங்க கவலைப்படாம மெதுவா வாங்க மாமா. இப்பல்லாம் எனக்குப் பசிக்கிறதே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
அமீர் நிஷா